கடல்மேல் ஒரு மாமியார்

"அம்மா நகரவே மாட்டேங்கறாங்க!" என்று மனைவி போனில் அலறியபோது, அவர் வாயில் வைத்த காபியை இன்னும் விழுங்கவில்லை.

"யார் அம்மா? எங்க நகரல?"

"எங்கம்மாதான்! கடற்கரைலயே நிக்கறாங்க!"

மாமியார் இப்போது விமானத்தில் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் காபி உள்ளே இறங்கியது. உலகத்தில் பறக்கிற பயணிகள் விமானங்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் காட்டும் நிறுவனத்தில் அவருக்கு வேலை. தரையில் இருக்கும் ஆன்டெனா ஒன்று சொல்லும், சாட்டிலைட் ஒன்று சொல்லும், புறப்பட்ட நேரத்தை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் கணக்கு இன்னொன்று சொல்லும். இதில் எதை நம்புவது என்று முடிவு செய்து வரைபடத்தில் புள்ளி வைப்பது அவர் பொறுப்பு. அதனால் அலுவலகத்தில் அவருக்குப் புள்ளிக்காரர் என்று பெயர்.

மாமியார் வீட்டில் இந்த உத்தியோகத்துக்குக் காலணா மதிப்பு கிடையாது. "மாப்பிள்ளை ஏதோ படம் பாக்கற வேலைல இருக்கார்" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். மூன்று மாதம் மகள் வீட்டில் தங்கிவிட்டு மாமியார் ஊருக்குக் கிளம்பிய இன்றைக்குத்தான், மனைவி தன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வரைபடத்தை அனுப்பி, "பாத்துக்கிட்டே இருங்க, எல்லாம் உங்க மாப்பிள்ளை கைவேலை" என்று சொல்லியிருந்தாள். ஆக, இன்றைக்கு மானம் போனால் மொத்தமாகப் போகும்.

அவர் திரையைப் பார்த்தார். மாமியாரின் புள்ளி கரையோரமாக நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. காரணம் உடனே புரிந்துவிட்டது. விமானம் திரும்பி வருகிறது என்கிறது தரை ஆன்டெனா. கடல்மேல் முன்னேறிப் போகிறது என்கிறது கணக்கு. இரண்டு பேர் மனமும் கோணக் கூடாதென்று கம்ப்யூட்டர் நட்ட நடுவில் புள்ளியை வைத்துவிட்டது.

அந்தக் கரையோர ஆன்டெனா, ஆர்வக்கோளாறில் ஒரு பல் டாக்டர் தன் வீட்டு மொட்டை மாடியில் நட்டு வைத்தது. அவர் வீட்டம்மா ஈரக் கம்பளியை அதன்மேல் காயப் போடுவது வழக்கம். போன வாரம் அது ஒரு பெரிய விமானத்தைக் காய்கறிச் சந்தைக்குள் ஓட்டிவிட்டது.

"டாக்டர் வீட்டுல மறுபடி துணி துவைச்சிட்டாங்க" என்று முணுமுணுத்தபடி அந்த ஆன்டெனாவை அணைத்தார்.

புள்ளி ஒரே தாவாகக் கடலுக்குள் பாய்ந்தது. போன் அடித்தது.

"என்னங்க, அம்மா குதிச்சிட்டாங்க! சித்தப்பா கேக்கறார், ராக்கெட்டுல ஏத்திட்டீங்களான்னு!"

"காத்து சாதகமா அடிக்குதுன்னு சொல்லு."

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "சார், சாட்டிலைட்டும் திரும்பி வருதுன்னுதான் காட்டுது."

"அது எப்பவும் பழைய கதையத்தான் பேசும். அதையும் நிறுத்தும்மா."

"அப்புறம் மிச்சம் என்ன சார் இருக்கு?"

"கணக்கு இருக்கு. என் அனுபவம் இருக்கு."

கணக்கு மட்டும் தனியாக நின்றதில் புள்ளி விட்டு விட்டுக் குதித்தது. சொந்தபந்தம் முழுக்கப் பார்க்கிறதே! அவர் மவுஸைப் பிடித்து, புள்ளியைத் தன் கையாலேயே மெல்ல இழுக்க ஆரம்பித்தார். மாமியாரை இவ்வளவு பக்குவமாக அவர் எங்கேயும் அழைத்துப் போனதில்லை.

ஆனாலும் மனசாட்சி உறுத்தியது. போய்ச் சேர வேண்டிய விமான நிலையத்தின் விசாரணைப் பிரிவைக் கூப்பிட்டு, தன் நிறுவனத்தின் பெயரையும் விமான எண்ணையும் சொன்னார்.

"ஒரு நிமிஷம் சார்..." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "கடல் மேல ஜோரா வந்துட்டிருக்கு."

கொஞ்ச நேரத்தில் மாமியாரை வரவேற்க அங்கே போயிருந்த மைத்துனனும் பேசினான். "மாமா, போர்டுலயும் சரியான நேரம்னு போட்டிருக்கு. உங்க படத்துக்கும் அதுக்கும் ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்ல. இவ்வளவு நாள் உங்க வேலைய நாங்க சும்மா நெனச்சிட்டோம் மாமா!"

புள்ளிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாம்மா? ரெண்டு இடத்துல உறுதி பண்ணியாச்சு" என்று பக்கத்து மேசைக்குச் சொல்லிக் காலரை நிமிர்த்தியபோது, தும்மல் வந்தது. பலமான தும்மல். மவுஸோடு கை நழுவி, மாமியார் சடாரென்று தெற்கே திரும்பிவிட்டார்.

விசாரணைப் பிரிவிலிருந்து உடனே போன். "சார், நீங்க கேட்ட விமானம் திசை மாறிப் போகுது!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க படத்துலதான் சார் பாக்கறோம்."

"அப்ப போர்டுல வர்றது?"

"அதுவும் உங்க படத்துலேர்ந்துதான் சார் வருது. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

இவ்வளவு நேரமும் அந்த விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது அவர் ஒருவர்தான். புள்ளியை அவசரமாக வடக்கே இழுத்துச் சரியான வழியில் விட்டார். வழி சரியாகிவிட்டது. ஆனால் வழி முடியும் இடமும் நெருங்கிவிட்டது.

தரையில் இறக்கினால், ஏன் வெளியே வரவில்லை என்று மைத்துனன் விமான நிலையத்தையே புரட்டிவிடுவான். இறக்காமல் எத்தனை நேரம் வைத்திருப்பது? வேறு வழி தெரியாமல் புள்ளியை ஊருக்கு மேலே வட்டமாகச் சுற்ற விட்டார்.

"ஏங்க அம்மா சுத்தறாங்க?"

"கீழ இடமில்ல. வரிசைல நிக்கறாங்க."

"சித்தி கேக்கறாங்க, அவங்களுக்குத் தலைசுத்தல் உண்டே, மாத்திரை போட்டுக்கிட்டாங்களான்னு. கொஞ்சம் மெதுவா சுத்தச் சொல்லுங்களேன்!"

அவர் மெதுவாகச் சுற்றினார்.

மைத்துனன் பேசினான். "மாமா, பூங்கொத்து வாடுது."

அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது. மானம் போவது இருக்கட்டும், அந்த அம்மாள் உண்மையில் எங்கேதான் இருக்கிறார்? மூன்று மாதமாக எப்போது கிளம்புவார் என்று ஏங்கிய மனுஷனுக்கு, இப்போது அவர் பத்திரமாக இருந்தால் போதும் என்று கண் கலங்கியது. வாழ்நாள் முழுக்க நம் வீட்டிலேயே இருக்கட்டும், தாயே, என்றுகூட வேண்டிக்கொண்டார்.

"எல்லாத்தையும் போடும்மா! டாக்டர் ஆன்டெனா, சாட்டிலைட், எல்லாம்!"

அவள் போட்டாள். திரையை ஒரு முறை பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"சார்... அந்த விமானம் வானத்துல எங்கயுமே இல்ல."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வலது கை மட்டும் பழக்கதோஷத்தில் மாமியாரை இன்னொரு சுற்றுச் சுற்றியது. போன் மறுபடி அடித்தது. புது எண்.

"சார், நம்ம பில்டிங் வாட்ச்மேன் பேசறேன். மேடம் போன் பிஸியாவே இருக்கு, அதான் உங்களுக்கு அடிச்சேன்."

"சொல்லித் தொலைப்பா, நான் நிலை கொள்ளாம இருக்கேன்!"

"ஒண்ணுமில்ல சார், கிளம்பின கொஞ்ச நேரத்துலயே ஏசி கெட்டு விமானம் திரும்பிடுச்சாம், உங்க மாமியார் ஒரு மணி நேரமா என் நாற்காலில உக்காந்துக்கிட்டு போனைப் பாத்துப் பாத்துச் சிரிக்கறாங்க, மேல வீட்டுக்குப் போங்கம்மான்னா, 'இருப்பா, மாப்பிள்ளை என்னை இன்னும் கீழ இறக்கல'ங்கறாங்க."