தானாக மேடேறும் கார்

ஊர் எல்லையில் ஒரு சாலையில், எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் தானாக மேட்டில் ஏறும். பள்ளத்தில் உருளும் காரைப் பார்க்க யாரும் வருவதில்லை. மேட்டில் ஏறும் காரைப் பார்க்க நாலா பக்கமிருந்தும் வந்தார்கள். அறுபது மீட்டர் நீளமுள்ள அந்தச் சாலைத் துண்டுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கிலோமீட்டருக்கு வண்டிகள் வரிசையில் நின்றன. வேலை கிடைக்காதவர்கள் வந்தார்கள். பதவி உயர்வு கிடைக்காதவர்கள் வந்தார்கள். பழைய காருக்கு மைலேஜ் கிடைக்காதவர்களும் வந்தார்கள்.

கார்களைத் தன் அருளால் ஏற்றிவிடுவதாகச் சொன்னவரை எல்லோரும் மேடேற்றி மகான் என்றார்கள். முன்பு லாரி ஓட்டியவர். ஒரு மதியம் அந்த இடத்தில் ஹேண்ட் பிரேக் போட மறந்து இறங்கினார். திரும்பிப் பார்த்தால் லாரி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. வேறொருவராக இருந்தால் லாரியைத் துரத்தியிருப்பார். இவர் தாடி வளர்க்க ஆரம்பித்தார்.

"என்னை நம்பினா உங்க வாழ்க்கையும் இப்படித்தான். எஞ்சினே வேணாம், ஏறும்" என்பார். காருக்கு ஒரு கட்டணம், லாரிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. எடை கூடினால் அருளும் கூடுதலாகச் செலவாகுமாம்.

அந்த மேட்டின் உச்சியில் ஓர் இஸ்திரிக் கடை. கணவன் போன பிறகு இஸ்திரிக்கார அக்கா தனியாளாக நடத்தும் கடை. மழை வந்தால் கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். உச்சியில் இருக்கும் கடையில் தண்ணீர் எப்படித் தேங்குகிறது என்று கேட்க வேண்டியவர் நகராட்சிப் பொறியாளர். அவர் கேட்கவில்லை. போன ஆண்டு சாலைக்கு வந்த நிதியில் பள்ளத்தில் ஒரு வடிகால் கட்டினார். எது பள்ளம் என்று அளக்கவில்லை. கண் இருக்கும்போது கருவி எதற்கு? கட்டிய நாள் முதல் அந்த வடிகால் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்டதில்லை. ஒரு நாய் அதில் குட்டி போட்டது. மழைக்காலம் முழுவதும் குட்டிகள் சளி பிடிக்காமல் வளர்ந்தன.

அக்கா மகானிடமே போய்க் கேட்டாள்.

"காரை இழுக்கிற சக்தி தண்ணியை இழுக்காதாம்மா? அதுவும் மேலதான் வரும். வந்தது உன் வாசலோட நின்னுடுதுன்னா, உனக்கு நம்பிக்கை பத்தலை."

அக்கா நம்பிப் பார்த்தாள். அடுத்த மழையில் ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டும் பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகளும் ஒன்றாக ஊறின. பன்னிரண்டும் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தன. அத்துடன் அவள் நம்பிக்கையும் சாயம் போனது.

இந்த ஆண்டு நிதி வந்தது. ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும். இரண்டு மனுக்கள் இருந்தன. கடைக்கு முன்னால் சாலைக்கு அடியில் தண்ணீர் போக ஒரு குறுக்குக் குழாய் வேண்டும் என்றது அக்காவின் மனு. பக்தர்களுக்கு வாகன நிறுத்தமும் உச்சியில் ஓர் அலங்கார வளைவும் வேண்டும் என்றது மகானின் மனு. வளைவின் ஒரு கால் நிற்க வேண்டிய இடத்தில் இஸ்திரிக் கடை இருந்தது. கடையை எடுத்துவிடலாம் என்று பொறியாளர் குறிப்பு எழுதியிருந்தார்.

நேரில் பார்த்து முடிவு செய்ய நகர்மன்றத் தலைவி வந்தார். கூட்டமும் வந்தது. அக்காவின் கொழுந்தன், கொத்தனார், தோளில் ஒரு பிளாஸ்டிக் குழாய்ச் சுருளுடன் வந்தான்.

"என்னப்பா பண்ணப் போற?" என்றாள் அக்கா மெதுவாக. "நாலு வார்த்தை பேசுவேன்னு பாத்தா, குழாயைத் தூக்கிட்டு வந்திருக்க."

"பேச்சுல அவரை ஜெயிக்க முடியாது அண்ணி. அளந்துட்டுப் போயிடலாம்."

வீடு கட்டும் இடத்தில் அந்தக் குழாயைப் பார்த்திருப்பீர்கள். நீளமான, உள்ளே தெரியும் குழாய், அதில் தண்ணீர். இரண்டு முனைகளையும் நிமிர்த்திப் பிடித்தால், நடுவில் குழாய் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். தண்ணீருக்குக் கண் கிடையாது, அதனால் ஏமாறவும் தெரியாது. பிறகு ஒவ்வொரு முனையிலும் தண்ணீர் மட்டத்திலிருந்து தரை வரை அளக்க வேண்டும். எங்கே அளவு அதிகமோ, அங்கே தரை தாழ்வு. இவ்வளவுதான் வித்தை. இதைக் கற்கத் தாடி தேவையில்லை.

கொத்தனார் 'பள்ளத்தில்' தொடங்கி, பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு முறை குழாயை நகர்த்தி அளந்தான். ஒவ்வொரு நகர்விலும் கடைப் பக்கம் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. ஐந்து நகர்வு, ஐந்து சாண்.

"தலைவியம்மா, கடைதான் பள்ளம். இடுப்பளவு கீழ இருக்கு. கார் ஏறலை. இறங்குது."

கூட்டம் சிரித்தது. மகானும் சிரித்தார். "தம்பி, நீ பிடிச்சிருக்கிறதும் தண்ணிதானே? அதையும் நான்தான் கடைப் பக்கம் தூக்கி நிறுத்தறேன்."

கைதட்டல் எழுந்தது. அக்கா முன்னால் வந்தாள்.

"சரிங்க மகான். நீங்கதான் இழுக்கறீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் இழுக்காம இருங்களேன்."

மகானிடம் இதுவரை எல்லோரும் இழுக்கச் சொல்லித்தான் கேட்டிருந்தார்கள்.

"அருளை அப்படியெல்லாம் நிறுத்தக் கூடாதும்மா."

"கூடாதா, முடியாதா?" என்றார் தலைவி. கேட்டது பக்தியோடுதான். அதனால்தான் மகானால் தப்ப முடியவில்லை.

அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. "விட்டாச்சு. இனி என் கார் ஏறாது, பாருங்க" என்றார். 'பள்ளத்தில்' நின்ற அந்தக் காரின் ஸ்டியரிங்கில் அவருடைய டிரைவர் உட்கார்ந்திருந்தான். கார் அசையவில்லை. கூட்டம் ஆரவாரம் செய்தது. அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, ஹேண்ட் பிரேக்கை ஏன் இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க? விடுங்க."

டிரைவர் மகானைப் பார்த்தான். மகான் கண்ணை மூடியிருந்தார். தலைவி டிரைவரைப் பார்த்தார். பிரேக் இறங்கியது. அருள் நிறுத்தப்பட்ட கார் நிதானமாக உருண்டு, மகானைத் தாண்டி, இஸ்திரிக் கடை வாசலில் போய் நின்றது. கொத்தனார் அதே இடத்தில் மறுபடி அளந்தான். ஒரு சாண். குறையவில்லை.

அப்படியானால் ஊர்க் கண்கள் எப்படி ஏமாந்தன? அந்தத் துண்டுக்கு முன்னால் சாலை செங்குத்தாக இறங்குகிறது, கடைக்கு அப்பால் சமமாகப் போகிறது. நடுவில் இது மட்டும் மெல்ல இறங்குகிறது. வேகமாக இறங்கிய பிறகு மெதுவாக இறங்குவது ஏறுவதுபோலத் தெரியும். ஒப்பிட்டுச் சரிபார்க்க அடிவானமும் இல்லை, குன்று மறைக்கிறது. பக்கச் சுவரோ சாய்வாகக் கட்டப்பட்டது. கண் செய்த தவறு சின்னது. மிச்சத்தைச் செய்தது வாய்.

தலைவி பொறியாளர் பக்கம் திரும்பினார்.

"சார், போன வருஷம் வடிகாலை எங்க கட்டினீங்க?"

"பள்ளத்துலங்க."

"எது பள்ளம்?"

பொறியாளர் அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். "அளந்து சொல்றேங்க" என்றார். பணியில் சேர்ந்து பதினெட்டு ஆண்டுகளில் அவர் எடுத்த முதல் தொழில்நுட்ப முடிவு அது.

நிதி குறுக்குக் குழாய்க்குப் போனது. கடை நின்ற இடத்திலேயே நின்றது. மகான் தன் காரில் ஏறினார். வந்த வழியே திரும்பிப் போக எஞ்சினை முடுக்க வேண்டியிருந்தது. இம்முறை உண்மையாகவே மேடு.

கூட்டம் கலையவில்லை. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொத்தனாரிடம் வந்தார். பின்னால் வரிசை சேர ஆரம்பித்திருந்தது.

"தம்பி, ரொம்ப சக்தியுள்ள குழாய். ஒரே ஒரு தடவை கண்ணுல ஒத்திக்கட்டுமா?"

"ஒத்திக்காதீங்க ஐயா" என்றான் கொத்தனார். "கண்ணைத் திறந்து பாருங்க. அதுக்குத்தான் உள்ள தெரியற மாதிரி செஞ்சிருக்காங்க."