மாரிக்குக் கட்டிப்போட்ட மோட்டார் சைக்கிள்

அந்த வருஷ மாரி மழைக்கு மோட்டார் சைக்கிளைக் கட்டிப்போடுவதில்லை என்று முடிவு செய்தேன். அதைவிடப் பெரிய முடிவு, அது என் பெண்சாதி ஸுலைஹாவுக்குத் தெரியக் கூடாது என்பது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் எடுத்த முடிவுகளில் அவளுடைய கண்ணில் படாமல் பிழைத்தது ஒன்றுகூட இல்லை. இதையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

நான் ஷரிபுதீன். ஊர் பாலமுனை. மருதமுனையில் தறியில் நெய்த சாரன் எடுத்து, வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் கட்டிக்கொண்டு, இறக்காமம், சம்மாந்துறை என்று வயல் ஊர்களில் விற்பவன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ரோடு எது, குளம் எது என்று எருமைக்குத்தான் தெரியும். தை பிறக்கும் வரை வண்டிக்கு உறக்கம்.

அதை உறங்க வைப்பது லேசான காரியமில்லை. பெற்றோலை வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிசின்போல் உறைந்து அடைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் எண்ணெய் விட்டு, மெல்ல மிதித்துச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் கடல் காற்றுக்கு எஞ்சின் உள்ளே துருப்பிடித்து இறுகிவிடும். செயினுக்குக் கிறீஸ். புகைக் குழாய்க்குள் எலி குடி புகாமல் துணி. டயர் ஈரத்தில் படாமல் அடியில் மரக்கட்டை. கடைசியில் சாக்குப் போர்வை.

"பிள்ளை பெத்தவளுக்கும் இந்தப் பத்தியம் இல்ல" என்பாள் ஸுலைஹா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அப்படிச் சொன்னதும் அவள் ஒரு பக்கம் பார்ப்பாள், நான் ஒரு பக்கம் பார்ப்பேன்.

இத்தனையும் நடப்பது நடு வீட்டில். வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது.

"எண்ட வூட்டுக்குள்ள எனக்கே சக்களத்தியக் கொண்டு வந்து படுக்க வெச்சிரிக்கீங்க."

"சக்களத்தி சோறு கேக்கிறாளா புள்ள?"

"சோறு கேக்காட்டியும் எண்ணெய் குடிக்கிறாளே. நல்ல எண்ணெயா, மூணு மாசத்துக்கு."

இப்படி ஒவ்வொரு மாரியும் சண்டையோடு தொடங்கும். சண்டை முடியும்போது மழை முடிந்துவிடும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு புரட்டாசியில் அவளுக்கு மூச்சிளைப்பு வந்தது. கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு வருவதற்குள் இரண்டு தரம் உட்கார்ந்தாள். கல்முனைக்குக் கூட்டிப் போய் டாக்குத்தர் கனகசபாபதியிடம் காட்டினேன். மருந்து வாங்கப் போத்தல் கொண்டு போகவில்லை. பஜாருக்குப் போய் ஒரு வெறும் போத்தல் வாங்கிக்கொண்டு வந்தேன். டாக்குத்தர் என்னை வாசலிலேயே மறித்து, ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஷரிபுதீன், மனதைத் திடமா வைச்சிரும். அவவின்ர இதயம் நல்லாப் பழுதாப் போச்சு. இந்த மருந்து இளைப்பைக் குறைக்கும், நோயைக் குறைக்காது. மாரி தாண்டுறது கடினம். அவவுக்கு ஒண்டும் தெரிய வேண்டாம்."

"இளைப்பு முத்தினா?"

"உடனே வந்து சொல்லும். வந்து ஊசி போடுறன்."

மழைக்காலத்தில் பாலமுனைக்கு வரும் பஸ்ஸை நம்பி ஊசிக்கு ஆள் அனுப்ப முடியாது. மோட்டார் சைக்கிள் இருந்தால் தண்ணீருக்குள்ளாவது போய் டாக்குத்தரைக் கூட்டி வரலாம். ஆனால் அதைக் கட்டிப்போடாமல் விட்டால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும். ஆகவே கட்டிப்போடுவது போல நடிப்பது என்று தீர்மானித்தேன். சாக்கு மேலே, உயிர் உள்ளே.

முதல் மழை விழுந்த அன்று வண்டியை நடு வீட்டுக்குள் உருட்டினேன். ஸுலைஹா பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெற்றோல் வடிச்சாச்சா?"

"ஓம், வெளியிலேயே வடிச்சிட்டன்."

"அப்ப டேங்குக்குள்ள என்ன குலுங்கிது?"

"அது மழைச் சத்தம்."

"மழை டேங்குக்குள்ளயா பெய்யிது?"

வடித்தேன். வடித்த டின்னை நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். வேண்டிய நேரம் ஊற்றிக்கொள்ளலாம். அதற்குள் மனதுக்குள் ஒரு வெற்றி.

"எண்ணெய் விட்டாச்சா?"

"விட்டாச்சு."

"பிளக்கக் கழட்டாம எப்பிடி விட்டீங்க? நீங்க பிளக்கக் கழட்டினீங்களா, புளுகக் கழட்டினீங்களா?"

கழற்றினேன். வழக்கம் போல மண்ணெண்ணெயில் துடைக்க அவளிடம் நீட்டினேன். ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு வேலை அவளுடையது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "செயின் மறுபக்கம் துரு கிடக்கு, பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். துரு இருக்கவில்லை. நிமிர்ந்தபோது பிளக்கைத் துடைத்துத் தந்தாள். பளபளவென்று இருந்தது. எண்ணெயைக் கொஞ்சமாக விட்டு, பிளக்கை மாட்டி, கட்டை வைத்து, சாக்கால் மூடினேன்.

"இந்த முறை வடிவாச் செஞ்சிரிக்கீங்க" என்றாள்.

ஸுலைஹா என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சை எடுக்க முடியாமல் வாயால் இழுத்தாள். உதடு நீலம் பாய்ந்தது. அவளைத் தூக்கி வந்து தலையணையில் சாய்த்தேன். சாக்கை இழுத்தெறிந்து, கட்டையை உதைத்துத் தள்ளி, டின் பெற்றோலை ஊற்றி, மிதித்தேன். மிதித்தேன். ஒரு புகைகூட வரவில்லை. வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. நடு வீட்டில் நின்று அந்த இரும்பைப் பார்த்து, நான் வாழ்க்கையில் யாரையும் ஏசாத ஏச்செல்லாம் ஏசினேன்.

"அதுக்கு ஏசாதீங்க" என்றாள், மூச்சு கொஞ்சம் வந்ததும். "நான் துடைச்சுத் தந்தது செத்த பிளக்கு. போன வருஷம் நீங்க எறிஞ்சது."

"நல்லது எங்க?"

"கிணத்துக்குள்ள."

வண்டியில் சாய்ந்தபடி நிலத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன வேலை செஞ்ச புள்ள? டாக்குத்தரக் கூட்டி வாறதுக்கு வண்டிய வெச்சிரிந்தன். உனக்குத் தெரியாது, அவர் என்ன சொன்னார் எண்டு."

"தெரியும். நான்தானே டாக்குத்தரிட்ட உங்களுக்குச் சொல்லச் சொன்னன்."

நான் போத்தல் வாங்கப் போன நேரத்தில் டாக்குத்தர் அவளிடம்தான் முதலில் கதைத்திருக்கிறார். அவள்தான் கேட்டுக்கொண்டாளாம்: "ஐயா, அவருக்குச் சும்மா சொன்னா அழுதுகொண்டு மூலையில குந்திருவார். எனக்குத் தெரியக் கூடாத ரகசியம் எண்டு சொல்லிக் குடுங்க. அத ஒளிக்கிற வேலையில நாளப் போக்கிருவார்."

நான் இரண்டு மாதம் ஒளித்தேன். தனியாகப் பள்ளிவாசலுக்குப் போய் அழுதேன். வீட்டுக்கு வரும்போது முகத்தைக் கழுவி, சிரிப்பை ஒட்டிக்கொண்டு வந்தேன். அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து, தெரியாதவள் மாதிரி, மீனுக்கு உப்புக் கூடிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அது சரி. பிளக்க ஏன் எறிஞ்ச?"

அவள் தலையணையை இழுத்து நிமிர்ந்து சாய்ந்தாள்.

"நீங்க கல்முனைக்குப் போய் வாறதுக்குள்ள நான் மவுத்தாப் போயிட்டா? நீங்க ரோட்டுல, நான் இஞ்ச தனிய. வருஷம் முழுக்க ஊர் ஊரா ஓடுறீங்க. மாரிக்குத்தான் நீங்க எனக்கு. இந்த மாரியையும் அந்த ஊசிக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடுப்பில் இடியப்பத் தட்டுக் கருகிய வாசம் வந்தது.

"அதையாவது இறக்கி வைங்க" என்றாள்.

அந்த மாரி முழுக்க நான் வீட்டில்தான். மருந்து வாங்க ஊர் ஆட்கள் போனார்கள். நான் கஞ்சி காய்ச்சினேன், அவள் குறை சொன்னாள். நான் கிணற்றடியில் துணி துவைத்தேன், அவள் சன்னலால் பார்த்து, "அது எண்ட உடுப்பு, கொல்ல வேணாம்" என்றாள். மோட்டார் சைக்கிளுக்கு மறுபடி சாக்குப் போர்த்தி வைத்தேன். இரண்டு பேரும் அதைச் சக்களத்தி என்று சொல்லி, சிரித்தால் இளைக்கும் என்று சிரிப்பை அடக்கினோம். மார்கழிக் கடைசியில், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம், என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பிடியைத் தளர்த்தினாள். நான் வீட்டில் இருந்தேன். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

தை வெயில் வந்தது. ரோடு காய்ந்தது. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாய் விரித்திருந்த இடம் தெரிந்தது. எங்காவது ஓட வேண்டும் போலிருந்தது. பஸ் பிடித்துக் கல்முனைப் பஜாருக்குப் போனேன். மோட்டார் சாமான் கடை அப்துல் ஹமீட் என்னைக் கண்டதும் எழுந்து சலாம் சொன்னார். என்னை அண்ணன் முறையில் காக்கா என்பவர்.

"ஒரு பிளக்கு வேணும்."

"உங்களுக்கு ஒண்டு எடுத்து வெச்சிரிக்கி காக்கா" என்று இழுப்பறையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்தார். "நம்மட றபீக்கா சுகம் விசாரிக்க வந்த நேரம், ஸுலைஹா ராத்தா காசும் குடுத்துச் சொல்லி அனுப்பினா."

றபீக்கா அவர் பெண்சாதி. கையை நீட்டினேன். ஹமீட் தரவில்லை.

"நாப்பது கத்தம் ஓதியாச்சா?"

"இன்னும் இல்ல. மவுத்தாகி நாப்பது நாள் ஆகல்லையே."

பெட்டியைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தார்.

"குறை நினைக்காதீங்க. நாப்பது முடியாமக் குடுத்தா சோறு தண்ணி இல்லாம ஓடித் திரிவீங்களாம். வூட்டுல இரிந்து அழுது முடிக்கட்டும், அதுக்குப் பொறவு குடுங்க எண்டுதான் ராத்தா சொல்லியிரிக்கா."

எனக்குக் கோபம் வந்தது. கண்ணும் நிறைந்தது. கபுறுக் குழிக்குள் போனவளிடம் தோற்பதற்கு மனம் ஒப்பவில்லை. பஜாரில் இதே சாமான் விற்கிற வேறு கடை இருக்கிறதா என்று கேட்டேன்.

"இரிக்கி" என்றார் ஹமீட். "அங்கயும் சொல்லித்தான் வெச்சிரிக்கா."