கத்திக்கு முன்னால் ஓர் ஊசி

எலும்பு டாக்டர் என்று ஊரே கையெடுத்துக் கும்பிடும் என் அண்ணன் மகனுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், ஒரு முழங்கையைத் தவிர. அதுவும் இப்போது சுகம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது முடியாது.

என் பேத்தியின் முழங்கையைக் கீற அடுத்த மாதம் நாள் குறித்தாயே, அந்த நாளை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. கோபப்படாமல் படி. நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் அவளைப் போல முடி வெட்ட இங்கே ஆளில்லை என்று சொல்ல அந்தப் படிப்பு போதும். அந்தக் கை கத்தரிக்கோலைப் பிடித்தாலே சுரீரென்றது, முன்பு போட்ட ஊசி கொஞ்ச நாள் சொர்க்கத்தைக் காட்டிவிட்டுப் பழைய வலியை வட்டியோடு கொடுத்தது, இடது கையால் வெட்டிப் பார்த்ததில் ஒருத்தருக்கு ஒரு காதுப்பக்கம் மட்டும் முடி மேலே ஏறிப்போய், அவர் நல்ல மனுஷர், தொப்பி போட்டுக்கொண்டு போய்விட்டார். நீ வந்து பார்த்து, "இனிமே ஊசியெல்லாம் கண்துடைப்பு அத்தை. கெட்டுப்போன தசைநாரைச் சீவி எடுத்துட்டா தீர்ந்துது" என்றாய். "கடையை எவ்வளவு நாள் மூடணும் மாமா?" என்று அவள் கேட்டாள். "மூணு நாலு மாசம்" என்றாய். உன் முன்னால் சிரித்தவள், நீ போனதும் கடைச் சாவியை என் மடியில் போட்டு அழுதாள். திறந்து ஒரு வருஷம்கூட ஆகாத கடை.

அதனால்தான் உனக்குத் தெரியாமல், வேறு வகை ஊசி போடும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். காத்திருந்த பெஞ்சில் ஒரு ஆள், முகத்தை மறைத்துப் பத்திரிகை, முழங்கையில் பஞ்சு. அவர் காலாட்டிய ஆட்டத்தில் பெஞ்சே ஆடியது. "ரொம்ப வலிக்குமா சார்?" என்று பேத்தி கேட்டாள். பத்திரிகை மட்டும் மேலும் கீழும் அசைந்தது. டாக்டரம்மா இவள் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, தெளிந்ததை முழங்கையில் ஏற்றினார். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன் பாட்டி. கேக்கலேன்னா ஆபரேஷன் எங்கயும் ஓடிப்போகாது" என்றார். முதல் வாரம் வலி கூடியது, பேத்தி என்னை முறைத்தாள், நான் சுவரைப் பார்த்தேன். பிறகு கையை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்யச் செய்ய மெல்லக் கேட்டது. ஊசியா, பயிற்சியா, காலமா, எனக்குத் தெரியாது. நேற்று அவள் கடை நாற்காலியில் நானே போய்த் தலையைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் சமம். எழுந்திருக்கவே மனசில்லை.

உன் பேச்சை மீறிப் போனதற்கு என்னை மன்னித்துவிடு. உன் குடும்பம் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும், உன் கத்திக்கு வேறு முழங்கைகள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தலை லேசான உன் அத்தை

பி.கு.: சின்ன வயசில் நீ உட்கார்ந்தால் எங்கள் வீட்டுப் பெஞ்சும் அப்படித்தான் ஆடும். உன் பெண்டாட்டியிடம் நான் மூச்சுவிடவில்லை. முழங்கை இப்போது எப்படியிருக்கிறதென்று எழுது. கூடவே, மேலே நான் கேட்ட மன்னிப்பையும் திருப்பி அனுப்பிவிடு.