அசையாத வீட்டுக்கு ஒரு கொக்கி

காலடிப்பேட்டை நிலத்தில் இல்லை, தண்ணீரில் மிதக்கிறது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் கப்பல் நைனாதான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் அறைகளைப் பழுதுபார்க்கும் தச்சராக இருந்தவர். அந்த வேலையை விட்ட பிறகும் எந்த வீடும் அவருக்கு வீடாகத் தெரியவில்லை. மேசை வாங்கியவர்களிடம் அதன் கால்களைத் தரையோடு அறைந்துவிடச் சொல்வார். எதிர்வீட்டுப் பூஜை அலமாரியில் படங்கள் விழாமலிருக்கக் குறுக்கே கட்டை அடித்தார். அந்த வீட்டுச் சாமிகளுக்கு இன்றும் இடுப்புக்கு மேல்தான் தரிசனம்.

எங்கள் படுக்கையறை அலமாரியின் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். மகள் நடக்கத் தொடங்கியதும் அவள் நெற்றியிலும் இடித்தது. தள்ளுகதவு போடலாம் என்றார் கணவர். போட்டால் விரல் நசுங்குமே என்று எனக்குக் கவலை. போடாவிட்டால் நெற்றி, போட்டால் விரல். ஒரு வாரம் இப்படியே குழம்பிவிட்டு நைனாவைக் கூப்பிட்டோம்.

வந்ததும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தார்.

"இந்த வூடு எந்தப் பக்கம்மா ஆடும்?"

"ஆடாது நைனா."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்கோ."

இடது, வலது என்பதெல்லாம் அவர் வாயில் வராது. கடல் பக்கம், ரயில் பக்கம், அவ்வளவுதான். கீல்களைக் கழற்றிவிட்டு, மேலும் கீழும் அலுமினியச் சட்டம் பதித்து, சக்கரம் வைத்த கதவுகளை ஏற்றினார். விரலால் தொட்டாலே ஓடின. கடைசியில், மூடியதும் தானாக விழுந்து பிடிக்கும் பித்தளைக் கொக்கிகளை வெளிப்பக்கம் பொருத்தினார்.

"இது எதுக்கு நைனா?"

"அலை அடிச்சா கதவு தொறந்துக்கும்ல?"

"குழந்தை உள்ளே மாட்டிக்கிட்டா?"

"புள்ள எதுக்குமா பீரோக்குள்ள போவுது? சும்மா பேஜாரு பண்ணாத."

அவருக்கு டீ போட நான் சமையலறைக்குப் போனேன். அவர் டார்ச்சோடு அலமாரிக்குள் உட்கார்ந்து கீழ்ச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் போய்க் கதவைத் தொட்டிருக்கிறாள். டக்.

"யம்மோவ்!"

ஓடி வந்தால் அறையில் நைனாவைக் காணோம். மகள் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அலமாரி கத்தியது.

"கொக்கிய தூக்கினு தள்ளுமா!"

"எந்தப் பக்கம் நைனா?"

"கடல்..." என்றவர் நிறுத்திவிட்டார். உள்ளே பலகையைத் தடவும் சத்தம் கேட்டது. "இருட்டுல டார்ச்சு வேற உயுந்துச்சு. கடல் எங்க கீதுன்னே தெர்லமா."

இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தேன். ஒரு வழியாகக் கதவு நகர்ந்தது. வியர்வையில் நனைந்து, தலையில் என் பட்டுப்புடவையோடு வெளியே வந்தார். நான் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். அவர் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கத்தினேன், நீ வந்த. இத்துனூண்டு கொரலு அடுப்பாங்கரைக்குக் கேக்குமா?"

டீ ஆறியது. கொக்கிகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மகளைக் கூப்பிட்டுக் கையை மூடச் சொன்னார். அந்தக் குட்டி முஷ்டியைக் கதவோரத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டை அறைந்தார். அதன் பிறகு கதவுகள் முழுதாக மூடவே இல்லை; அந்த முஷ்டியளவு இடைவெளியில் நின்றுவிடும்.

"தூசி வருமே நைனா?"

"வரட்டும்."

"அலை அடிச்சா?"

"துணிதான உயும். எடுத்து வெச்சிக்கோ."

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் முஷ்டி அந்த இடைவெளியில் நுழைவதில்லை; பல்லி மட்டும் போய்வருகிறது. வெளிச்சம் பட்டு அந்தப் பட்டுப்புடவை ஒரே கோடாக வெளுத்துவிட்டது. கட்டையை எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் வரவில்லை.

நைனா இப்போது இல்லை. போன ஐப்பசிப் புயலில் வீடெல்லாம் காற்று இரைந்தபோது, நான் போய் அலமாரியைத்தான் முதலில் பார்த்தேன்.

ஒரு துணியும் விழவில்லை, நைனா.