லேசான துப்பாக்கியும் எங்கள் வீட்டுக் குக்கரும்

ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் வேலை செய்கிறவனுக்கு உலகத்தில் உள்ள எந்தப் பொருளைப் பார்த்தாலும் எடை ஜாஸ்தி என்றுதான் தோன்றும். ஆர்டர் கொடுக்க வந்து சாம்பிள் ஷூவைக் கையில் வாங்கும் பையர் முதலில் செய்வது அதை உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பதுதான். லேசாக இருந்தால் சிரிப்பார். கனமாக இருந்தால் அன்றைக்கு எங்களுக்கு டீ இறங்காது. இந்த வியாதி எனக்கு முற்றிப்போய், கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தூக்கிப் பார்த்து வாங்கிய காலம் ஒன்று உண்டு. (இன்னும் கொஞ்சம் இருக்கிறது.)

ஆம்பூரில் எங்கள் கம்பெனியில் குடியரசு தினத்துக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் ஒரு நாடகம் போட வேண்டும். அந்த வருடம் எங்களுக்கு எல்லைக் காவல் நாடகம். கட்டிங் செக்‌ஷனிலிருந்து நாங்கள் கடன் வாங்கிய என் தோஸ்த் யூசுப்தான் வீரன். துப்பாக்கி செய்யும் பொறுப்பு எனக்கு. சாதாரண நேரமாக இருந்தால் மரக்கட்டையில் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருப்பேன். ஆனால் அப்போதுதான் பள்ளிகொண்டாவில் கலைவாணியைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அவளுக்குச் சம்மதம். எனக்கு அதைவிடச் சம்மதம். அவளுடைய அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை.

அவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று விளக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு, ஒருத்தனுடைய வேலையைக் கண்ணால் பார்த்தால்தான் ஆளைப் பற்றிச் சொல்ல முடியும் என்று முடித்துக்கொண்டார். பேச்சு வாக்கில் நாடகத்தைப் பற்றி நான் உளறிவிட்டேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"துப்பாக்கி நீயா செய்யறே? அப்ப நான் வர்றேன்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் ஸ்பாஞ்சு ஷீட்டை வெட்டி, ஒட்டி, அரம் போட்டுத் தேய்த்து, குழலுக்கு ஒல்லிப் பைப் சொருகினேன். சாம்பிள் தராசில் வைத்துப் பார்ப்பேன், உள்ளே குடைவேன், மறுபடியும் வைப்பேன். கடைசியில் அது ஒரு பெண்கள் செருப்பின் எடைக்கு வந்து நின்றது. பார்வைக்கு அசல் துப்பாக்கி. நானே அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். குழல் நுனி மட்டும் மொட்டையாக இருந்தது.

போனில் வீடியோக்களாகப் பார்த்து, அங்கே ஃபிளாஷ் ஹைடர் என்று ஒன்று இருக்க வேண்டும் எனத் தெரிந்துகொண்டேன். சுடும்போது நுனியில் பளிச்சென்று எழும் தீயை மறைக்கிற, சுற்றிலும் துளைகள் உள்ள சின்ன மூடி. நாடகம் பார்க்க வருகிறவர்களில் அதைக் கவனிக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். எனக்கு வேண்டியதும் அந்த ஒருவர்தான்.

வேலூர் லாங் பஜாருக்குப் போய்க் கைவண்டிகளுக்கு நடுவில் இடிபட்டு, பாத்ரூம் ஹேண்ட் ஷவரின் தலையை வாங்கி வந்தேன். அதைப் பார்த்ததும் இந்திய எல்லையைக் கழுவிவிடப் போகிறோமா என்று யூசுப் கேட்டான். பேப்பர் கப்பை வெட்டி மாட்டினேன். பாயசம் குடித்துவிட்டுத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. கேஸ் அடுப்பின் பர்னர் பார்க்க அருமை, ஆனால் அதன் கனத்தில் குழல் முருங்கைக்காய் போல வளைந்தது. கையைப் பிசைந்துகொண்டு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அடுப்படியில் விசில் அடித்தது. எட்டிப் பார்த்தேன். குக்கர் வெயிட். உருளை வடிவம், பக்கவாட்டில் துளைகள், சரியான அளவு, பர்னரில் கால்வாசி கனம்கூட இல்லை. அதைவிடப் பொருத்தமான ஃபிளாஷ் ஹைடரைப் பட்டாளத்திலேயே செய்திருக்க மாட்டார்கள்.

எடுத்துக்கொண்டு போய்க் கறுப்பு அடித்தேன். வீடியோவில் பார்த்த ஞாபகத்தில், தரைப் பக்கம் வரும் துளையை ஷூ ஒட்டும் சொல்யூஷன் விட்டு அடைத்து, குழலில் ஒட்டினேன். இங்கே அம்மா வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார். எலிதான் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நானும் சேர்ந்து எலியைத் திட்டினேன். நாடகம் முடியும்வரை பருப்பைப் பானையில் வேகவைத்து, ஒவ்வொரு வேளையும் எலியின் பரம்பரையையே சபித்தார்.

நாடகம் நன்றாகவே முடிந்தது. யூசுப் துப்பாக்கியை ஏந்தி நின்றபோது முன்வரிசையில் சுபேதார் முன்னால் சாய்ந்து பார்த்தார். பக்கத்தில் என் அம்மா, அதற்கடுத்து கலைவாணி. அதோடு விட்டிருக்கலாம். முன்னாள் ராணுவ வீரருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம் என்று மேடைக்கு அழைத்துவிட்டார்கள். துப்பாக்கியோடு ஒரு போட்டோ என்றும் கேட்டார்கள்.

அவர் கைக்கு ஒரு துப்பாக்கியின் எடை தெரியும். அந்தக் கணக்கில், கம்பீரமாக, முழுப் பலத்தோடு விறைப்பாகத் தூக்கினார். என் துப்பாக்கியில் தூக்குவதற்கு எதுவுமே இல்லை. அது காற்றாய் மேலே பறந்து மூவர்ண பலூன் வளைவில் போய் மோத, பலூன்கள் படபடவென்று வெடிக்க, தூக்கிய வேகத்திலேயே சுபேதார் பின்னால் தள்ளாடிப் பொன்னாடைத் தட்டு வைத்திருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஃபிளாஷ் ஹைடர் கழன்று டணங் என்று மேடையில் விழுந்து, உருண்டு, முன்வரிசையில் என் அம்மாவின் காலடியில் போய் நின்றது.

அம்மா எடுத்தார். நகத்தால் கறுப்பைச் சுரண்டினார்.

"இன்னாடா இது, நம்ம வூட்டு குக்கர் வெயிட்டு?"

கம்பெனியே கேட்டது. நான் பூமி பிளக்காதா என்று நின்றேன். சுபேதார் மெதுவாக எழுந்து, கீழே கிடந்த துப்பாக்கியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஏம்ப்பா இத இவ்ளோ லேசா செஞ்சே?"

நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு யார் கேட்டாலும் என் வாயில் ஒரே பதில்தான் வரும்.

"நாள் முழுக்கப் போட்டுக்கினு நடந்தாலும் கால் வலிக்காது சார்."

அப்புறம் எழுந்த சிரிப்பில் மிச்சமிருந்த பலூன்களும் வெடித்திருக்க வேண்டும். சுபேதார் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிடாமல் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குப் போட்ட பிரியாணியை நானும் தொடவில்லை. ஆம்பூர்க்காரன் பிரியாணியைத் தொடவில்லை என்றால் எவ்வளவு பேஜாராகிப் போனான் என்று புரிந்துகொள்ளுங்கள். கலைவாணி எனக்கில்லை என்று நிச்சயமாக நம்பினேன். மனது விட்டே போயிற்று.

வார இறுதியில் அவரே வீட்டுக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், அந்த வெயிட்டைக் கொண்டு வரச் சொன்னார். அம்மா கொடுத்தார். அடைத்திருந்த துளையை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"இத ஏன் அடைச்சே?"

கீழே துளை இருந்தால் படுத்துச் சுடும்போது மண் கிளம்பிக் கண்ணை மறைக்கும் என்று பார்த்ததாகச் சொன்னேன்.

"நாடகத்துத் துப்பாக்கிக்கு யாரு மண்ணு கிளம்புறதப் பார்க்கப் போறாங்க? ஆனாலும் அடைச்சே பாரு. அத நான் கீழேருந்தே பார்த்துட்டேன்" என்றவர், என் அம்மாவிடம் திரும்பி, "பொண்ணு தர்றேங்க" என்றார்.

அம்மாவுக்குச் சந்தோஷத்தோடு ஒரு குறையும் இருந்தது. நான் விட்ட சொல்யூஷன் என்ன செய்தும் போகவில்லை. அதனால் சீர் வரிசையில் முதல் தட்டில் புதுக் குக்கரை வைத்துக்கொண்டு வந்தார் மாமனார். அதன் வெயிட் மட்டும் அவர் சட்டைப் பையில் இருந்தது. மூன்று முடிச்சு விழுந்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் விசில் எண்ணுவதில்லை. குக்கர் சத்தம் போட்டால் கலைவாணி ஹாலில் இருந்தபடி, "எத்தனை ரவுண்டு சுட்டீங்க?" என்று கேட்பாள். மூன்று என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைப்பேன். மாமனார் வந்திருக்கும் நாட்களில் மட்டும், அணைத்த பிறகு அடுப்படி வாசலில் விறைப்பாக நின்று ஒரு சல்யூட்டும் வைக்க வேண்டும்.