ஏழு தொகுப்புகளும் ஒரு சுவரும்

என் மாமனார் அடிக்கடி ஒன்று சொல்வார். "மாப்பிள்ளை, என் பொண்ணு ஒரு விஷயத்துக்கு எதிர்த்துப் பேசாம உடனே சரின்னு சொல்லிட்டா..." என்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை. மீதியை அவர் சொன்னபோதெல்லாம் என் காதில் ஹெட்போன் இருந்தது. அதில் என் குழு பாடிக்கொண்டிருந்தது.

என் குழுவை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அது உங்கள் குறை. எண்பதுகளில் அந்த நான்கு பேரும் கிடாரும் டிரம்ஸுமாக மேடை ஏறினால் கூரை நடுங்கும். நான்கு பேர் என்பது ஒரு பேச்சுக்கு. தலைமுடியையும் சேர்த்தால் எட்டுப் பேர். பதினொரு வயதில் அத்தை மகன் கொடுத்த காசெட்டில் அவர்களை முதன்முதலாகக் கேட்டேன். இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. நடுவில் பத்தொன்பது வருஷம் வெளிநாட்டில் குப்பை கொட்டிவிட்டு, போன வருஷம்தான் குடும்பத்தோடு திரும்பி வந்தேன். கப்பலில் வந்த பதினாறு பெட்டிகளில் ஒன்பது அவர்களுடையவை. எங்கள் துணிமணிக்கு இரண்டு.

இத்தனைக்கும் அவர்கள் போட்டது ஐந்தே ஆல்பம். பிறகு முடி கொட்டியது, சண்டை வந்தது, பிரிந்துவிட்டார்கள். ஆனால் 'சிறந்த பாடல்கள்' என்ற பெயரில் அவர்களுடைய தொகுப்புகள் மட்டும் ஏழு வந்திருக்கின்றன. ஐந்து பிள்ளை பெற்றவளுக்கு ஏழு மூத்த பிள்ளைகள் இருப்பது மாதிரி. அந்த ஏழும் என்னிடம் உண்டு. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இசைத்தட்டாக, காசெட்டாக, சிடியாக, படப் புத்தகம் வைத்த கனமான பெட்டியாக, குடும்பம் குடும்பமாக ஹால் அலமாரியில் குடியிருந்தன.

ஒரு சனிக்கிழமை காலை, என் மனைவி அளவு நாடாவோடு அந்த அலமாரி முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, இதெல்லாம் யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. என் குழு."

"ஏழும் ஒரே ஆளுங்கதானே?"

"ஏழும் வேற வேற தொகுப்பு."

"பாட்டு?"

"பாட்டு... பெரும்பாலும் அதேதான்."

"பெரும்பாலும்னா?"

"பன்னெண்டுல பத்து."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

"இந்தச் சுவத்துல எனக்கு ஒரு மேசை வேணும். இருபது வருஷமா சாப்பாட்டு மேசையில வெச்சு விடைத்தாள் திருத்தறேன். போன வாரம் உங்க டீ ஒரு பொண்ணோட தாள்ல கொட்டிடுச்சு. அது எழுதின சமன்பாட்டை விட உங்க கறைதான் தெளிவா இருக்கு."

அவள் வேதியியல் ஆசிரியை. பதில் சொல்ல முடியாத இடமாகப் பார்த்துத்தான் கை வைப்பாள்.

"அதுக்காக இவங்களை எங்க அனுப்பறது?"

"ஒரே ஒரு தொகுப்பை வெச்சுக்கோங்க. எது பெஸ்டுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. நான் தலையிடவே மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வடிக்க முடியாது. சிறந்தவற்றில் சிறந்ததாம்! ஏழு சிம்மாசனத்தில் ஆறைத் தூக்கித் தெருவில் வீசச் சொல்கிறாள். அதுவும் என்னையே. கன்னாபின்னாவென்று கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். இரண்டு மொழியில் படித்தவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கோபம் வந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடிவந்து, இடித்துக்கொண்டு, எதுவும் வெளியே வராது. வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாய்க்குப் பின்னால்தான் எனக்கு யோசனை ஓடும். ஓடியது.

"சரி. ஆனா இதை அவசரப்பட்டு முடிவு பண்ண முடியாது. ஒவ்வொண்ணையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேக்கணும். ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு. ஏழு வாரம் ஆகும்."

என் கணக்கு இதுதான். ஏழு வாரத்தில் அவள் பள்ளியில் அரைப் பரீட்சை வந்துவிடும். தாள் மலை மாதிரி குவியும். மேசையாவது சுவராவது, எல்லாம் மறந்துபோகும்.

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். நாடாவைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் என் முதுகில் நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். கை எட்டவில்லை. இருந்தாலும் முயற்சி செய்தேன்.

முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மேல்வீட்டுப் பல் டாக்டர்.

"மேடம்தான் வரச் சொன்னாங்க. நடுவுல ஒருத்தர் இருந்தா நல்லதுன்னு" என்று செருப்பைக் கழற்றினார். "நானும் உங்க குழுவோட ரசிகன் சார். அந்த மெதுவான பாட்டெல்லாம் எனக்கு உசிரு."

மெதுவான பாட்டு! இடி மின்னலைப் பார்த்துவிட்டு, தூறல் நன்றாக இருந்தது என்று சொல்கிற ஆள். பல்லைக் கடித்துக்கொண்டேன். தொழில் ரீதியாக அவருக்கு அது பிடித்திருக்கும்.

நான் ஒரு தவறு செய்தேன். ரசிகன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. எனக்கு உயிரான தொகுப்பை முதலில் எடுத்தேன். பச்சை அட்டை போட்ட முதல் தொகுப்பு. ஆசை யாரை விட்டது? மனைவி சாப்பாட்டு மேசையில் விடைத்தாளோடு உட்கார்ந்திருந்தாள். கையில் சிவப்புப் பேனா. பாட்டு முடிந்ததும் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு. இதுல என்ன குறை?"

"குறையா? இதுலயா? இதோ பாரு, ரயில் பாட்டு இருக்கில்ல, அதோட கடைசியில தனி கிடார் வரும். அதை நாற்பத்தொரு விநாடி முன்னாடியே வெட்டிட்டாங்க! நாற்பத்தொரு விநாடி! தட்டுல இடம் பத்தலையாம். ரயிலைக் கொண்டுவந்து ஸ்டேஷனுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொன்னா எப்படி இருக்கும்?"

"அப்புறம்?"

இந்த 'அப்புறம்' அவளுடைய ஆயுதம். பதில் தெரியாமல் முழிக்கிற பிள்ளையை அவள் திட்டியதே கிடையாது. 'அப்புறம்?' என்பாள். அவனே பேசிப் பேசிக் குழிக்குள் இறங்குவான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் இருபது நிமிஷம் பேசினேன்.

"அப்போ இதை பெஸ்டுன்னு சொல்ல முடியாதா?"

"இதையா? சான்ஸே இல்லை!"

சிவப்புப் பேனா ஒரு தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டது. டாக்டர் எழுந்தார். "வேண்டாம்னா நான் எடுத்துக்கறேன் சார். கிளினிக்ல போட்டா பேஷண்ட் கத்தறது வெளியே கேக்காது."

பச்சை அட்டைக் குடும்பம் பெட்டி, காசெட்டோடு மாடி ஏறியது.

இரண்டாவது வாரம், புதிதாக ஒரு பாட்டுச் சேர்த்த தொகுப்பு. அந்த ஒரு பாட்டுக்கு இடம் கொடுக்க, மழைப் பாட்டைத் துரத்திவிட்டார்கள். வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனை வெளியேற்றிய மாதிரி. இந்த அநியாயத்தைச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். மாடி ஏறியது. மூன்றாவது, ஒலியைச் சுத்தம் செய்து மறுபடி போட்டது. பாடகர் மூச்சு வாங்குவதையே துடைத்து எடுத்துவிட்டார்கள். மூச்சில்லாமல் பாடுகிறவனுக்கு என்ன பெயர்? பிணம். சொன்னேன். ஏறியது.

நான்காவது வாரம் உஷாரானேன். இன்று வாயே திறப்பதில்லை.

"இதுல என்ன குறை?"

"ஒண்ணும் இல்லை. பிரமாதம்."

"எனக்கும் பிடிச்சது" என்றார் டாக்டர். "முக்கியமா அந்த டிரம்ஸ்காரர் பாடினாரே, என்ன குரல் சார்!"

டிரம்ஸ்காரர்! குழுவின் மற்ற மூன்று பேரே அந்தப் பாட்டுக்காக ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்!

"டாக்டர், உங்களுக்குக் காது இருக்கா? அது குரலா? பூட்டின ரூம்ல மாட்டின பூனை அது! இந்தத் தொகுப்பைப் போட்டவனை..."

"அப்புறம்?" என்றாள் மனைவி.

ஏறியது.

ஐந்தாவது, மேடைக் கச்சேரி. பாடகர் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டுச் சும்மா நிற்பார். கூட்டம் பாடும், தப்பாக. ஆறாவது, குழு பிரிந்தபோது போட்ட தொகுப்பு. பாட்டுகளின் வரிசையே கோணல். கல்யாணத்தில் முதலில் கை கழுவச் சொல்லிவிட்டுப் பிறகு இலை போடுகிற மாதிரி. இரண்டும் போயின. குற்றம் சாட்டியவன், சாட்சி சொன்னவன், தீர்ப்பு எழுதியவன் எல்லாம் நான்தான். அவள் ஒரு வார்த்தை தலையிடவில்லை. அரைப் பரீட்சை வந்தது. தாள்கள் மலையாகக் குவிந்தன. அவற்றுக்கு நடுவிலும் ஞாயிறு பத்து மணியை அவள் மறக்கவில்லை.

ஏழாவது ஞாயிறு. அலமாரியில் மிச்சம் ஒரே ஒரு இசைத்தட்டு. காசெட் இல்லை, சிடி இல்லை, பெட்டி இல்லை. 'மென்மையான பாடல்கள்.' குழுவின் மெதுவான பாட்டுகளை மட்டும் பொறுக்கிப் போட்ட தொகுப்பு. வாழ்நாளில் நான் ஒரே முறை கேட்டது. அதனால்தான் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தேன். இதன் குறைகளைப் பட்டியல் போட்டால் ஒரு பரீட்சைக் கட்டுத் தாள் போதாது.

உறையிலிருந்து தட்டை எடுத்தேன். உள்பக்கம் நீல மையில் எழுதியிருந்தது. கல்யாணமான முதல் வருஷத்துத் தேதி. கீழே அவள் கையெழுத்து: 'உங்க ஆளுங்கதான்னு கடைக்காரர் சொன்னார். சரிதானே?'

அன்றைக்கு அவளுக்குச் சம்பளம் வந்து மூன்றாவது நாள். நான் 'சரிதான்' என்று சொல்லிவிட்டு, தட்டை அலமாரியில் வைத்துவிட்டேன்.

முழுசாக ஓடவிட்டேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். கடைசிப் பாட்டு முடிந்து ஊசி மேலே எழும்பியது.

"இதுல என்ன குறை?"

இந்த முறை அவள் தலையை நிமிர்த்திக் கேட்டாள். டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் பார்த்தாள். மூடிக்கொண்டார். ஊர்ப்பட்ட வாய்களைத் திறக்கச் சொல்கிறவர்!

"குறை..." என்றேன். கையிலிருந்த உறையைப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லை."

"அப்புறம்?"

"அப்புறமும் ஒண்ணும் இல்லை."

சிவப்புப் பேனா தாளில் ஒரு டிக் போட்டது.

அழைப்புமணி அடித்தது. தட்டை உறைக்குள் போட்டு, கையில் பிடித்தபடியே போய்த் திறந்தால் தச்சர். பின்னால் இரண்டு பேர், துணி சுற்றிய ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு.

"வணக்கம் சார். இன்னிக்குத்தானே ஏழாவது ஞாயிறு? அம்மா சொன்ன தேதிக்குச் சரியா முடிச்சுட்டேன்."

"எப்போ சொன்னாங்க?"

"அன்னிக்கு சனிக்கிழமை மத்தியானமே பட்டறைக்கு வந்துட்டாங்களே. முடிக்க எத்தனை நாள் வேணும்னு கேட்டாங்க. அஞ்சு வாரம் போதும்மான்னேன். 'பரவாயில்லை, ஏழு வாரம் எடுத்துக்கோங்க, சாருக்கு அவ்வளவு டைம் வேணுமாம்'னாங்க."

நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் டாக்டருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிர்த்துப் பேச இரண்டு மொழியிலும் தேடினேன். இரண்டும் அன்றைக்கு லீவு.

தச்சர் துணியை விலக்கினார். நல்ல மேசை. காலி அலமாரியை நகர்த்தியதும், ஜன்னலிலிருந்து படுக்கையறைக் கதவு வரை அச்சடித்த மாதிரி உட்கார்ந்தது. மூன்று இழுப்பறை. இடது பக்கம் விரல் அகலத்தில் நெட்டுக்குத்தாக ஒரு சந்து.

"இது எதுக்கு?"

"ஒரு இசைத்தட்டு வைக்கறதுக்கு சார். எனக்கு அந்த அளவெல்லாம் தெரியாதுன்னேன். அம்மா அன்னிக்கே ஒண்ணைப் பையில எடுத்துட்டு வந்து, அளந்துக்கோங்கன்னு கொடுத்தாங்க."

"எதைக் கொடுத்தாங்க?"

தச்சர் என் கையைக் காட்டினார்.

"இதைத்தான் சார்."

மென்மையான பாடல்கள்தான் சிறந்த தொகுப்பு என்று முடிவு செய்து, அதைச் சந்தில் செருகினேன்.