நான் மீசை எடுக்க, அப்பா செத்துப்போனார்

மீசையை எடுப்பது ஒரு மனிதனின் சொந்த விஷயம் என்று நினைக்கிறவர்கள் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்தில் தமிழர்களுக்கு நடுவில் வாழ்ந்து பார்க்காதவர்கள். நான் என் மீசையை எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலமை. மத்தியானத்துக்குள் என் அப்பா செத்துப்போனார். பின்னேரம், தான் சாகவில்லை என்று அவரே மட்டக்களப்பிலிருந்து தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இடையில் நடந்த அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு என்பது என் மனைவி சுமதியின் கட்சி. (நான் மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சம் பொறுப்பு சீனாவுக்கும் உண்டு.)

அது ஊரில் சண்டை முடிகிற நேரம். வன்னியில் சொந்தக்காரர் இருந்த எல்லாரும் தொலைபேசியைக் கையில் பிடித்தபடிதான் வேலைக்குப் போனார்கள், சாப்பிட்டார்கள், கக்கூசுக்கும் போனார்கள். யாரும் யாரையும் பார்த்து “ஏதும் செய்தி உண்டோ?” என்று கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் சண்டை முன்னமே ஓய்ந்துவிட்டது. அதனால் எனக்கும் சுமதிக்கும் அந்த நெருப்பு வயிற்றில் இல்லை. அது மட்டுமல்ல, பல வருடம் காத்திருந்த பிள்ளை அந்தச் சித்திரையில்தான் சீனாவிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது. ஊரே அழுகிறபோது நாங்கள் மட்டும் கடையில் நின்று சின்னச் சப்பாத்து தெரிவு செய்கிறோமே என்று சுமதிக்கு ஒரே கூச்சம்.

பிள்ளையின் பெயர் மெய்லி. இரண்டு வயது நிரம்பவில்லை. வட்ட முகம், எந்த நேரமும் ஒரு விசாரணை அதிகாரியின் பார்வை.

சீனாவில் ஒரு அலுவலக மண்டபத்தில் வைத்துப் பிள்ளைகளைக் கையில் தந்தார்கள். எங்களோடு வந்த மற்றத் தகப்பன்மார் எல்லாரும் டெனிஷ்காரர். அவித்த உருளைக்கிழங்கைத் தோல் உரித்தது போல வழுவழுப்பான முகங்கள். நான் மட்டும் மீசையோடு நின்றேன். என் மீசை சாதாரண மீசை அல்ல. பதினேழு வயதில் தொடங்கி ஒரு நாளும் கத்தி படாமல் வளர்ந்தது. முதலில் மீசை அறைக்குள் வரும், பிறகு நான் வருவேன் என்று தொழிற்சாலையில் சொல்வார்கள். மெய்லி சுமதியைப் பார்த்தாள், யோசித்தாள், அவள் கைக்குப் போனாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற ஒரு டெனிஷ் அம்மாவின் கையிலிருந்த கரடிப் பொம்மை கீழே விழுந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். நான் குசினிக்குள் போனால் அவள் மேசைக்குக் கீழே. நான் சோபாவில் இருந்தால் அவள் தலையணையால் முகத்தை மூடிக்கொள்வாள். நான் கழுத்துத் துணியால் மூக்கு வரை சுற்றிக்கொண்டு (நல்ல வெயில் காலத்தில்) அவளுக்குச் சோறு தீத்தப் பார்த்தேன். வங்கியில் கொள்ளையடிக்கப் போகிற ஆள் சோறு தீத்தினால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

“அவவுக்கு உங்களில கோவம் இல்லையப்பா. மீசையிலதான்,” என்றாள் சுமதி.

“என்ர முகமும் அதோடதானே கிடக்கு.”

எனக்கு உள்ளுக்குள் வேறு ஒரு பயமும் இருந்தது. கொம்யூனிலிருந்து, அதுதான் நகரசபையிலிருந்து, கிர்ஸ்டன் என்று ஒரு ஆலோசகர் எங்களுக்கு ஒழுங்கு பண்ணப்பட்டிருந்தார். நல்ல மனுசி. நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பார், மெதுவாகக் கதைப்பார். அவர் முதல் நாளே சொன்னது இதுதான்: “முதல் மாதங்களில் இந்தப் பிள்ளைக்கு நீங்கள் இருவர் மட்டும்தான் உலகம். தூக்குவதும் நீங்கள், தீத்துவதும் நீங்கள். விருந்தாளிகள் வேண்டாம்.” தமிழ் வீட்டுக்கு விருந்தாளி வேண்டாம் என்பது மீனுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது போல. ஆனாலும் எல்லாருக்கும் சொல்லிவிட்டோம். எனக்குத் தொழிற்சாலையில் கூட்டாளியான குலம் அண்ணையின் மனைவி ராணி அக்கா மட்டும், “என்ன, பிள்ளைய மியூசியத்திலயோ வைச்சிருக்கிறியள்?” என்று முகத்தைச் சுழித்தார். ஆனால் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கிர்ஸ்டன் வருவதாக இருந்தது. பிள்ளை என்னிடம் ஒரு தரம்கூட வந்ததில்லை. தகப்பனைக் கண்டால் மேசைக்குக் கீழே ஓடுகிற பிள்ளையைப் பார்த்து அவர் என்ன நினைப்பார்? பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோக மாட்டார்கள் என்று மூளைக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. காலமை எழும்பினேன், கத்திரிக்கோலால் வெட்டினேன், மிச்சத்தை வழித்தேன். கண்ணாடியில் என் சித்தப்பாவின் மகளைப் போல ஒருத்தி நின்றாள்.

சுமதி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நிலத்தில் இருந்துவிட்டாள். மெய்லி சிரிக்கவில்லை, கத்தவுமில்லை. என்னைக் கன நேரம் பார்த்தாள். பிறகு தன் வாழைப்பழத்தைச் சாப்பிடப் போனாள். எங்களுக்கு அதுவே பெரிய வெற்றி. அந்த வெற்றிக் களிப்பில் ஒரு சின்ன விஷயத்தை நாங்கள் இருவருமே மறந்துபோனோம். எங்கள் ஆட்களில் ஒரு ஆண் திடீரென்று மீசையை எடுத்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அம்மா செத்தபோது கடைசி மகனான என் தம்பிதான் கொள்ளி வைத்தான், என் மீசை தப்பியது. மூத்த மகனான நான் மீசையை எடுத்தால் செத்தது யார் என்று இக்காஸ்டில் உள்ள எந்தத் தமிழருக்கும் விளக்கம் தேவையில்லை.

கிர்ஸ்டனுக்கு ரோல்ஸ் செய்ய முட்டை போதவில்லை. கடைக்குப் போனேன். கார் விடுகிற இடத்தில் குலம் அண்ணை நின்றார். இரவு வேலை முடிந்து வருகிறார். அவருடைய தங்கச்சி குடும்பம் முழுக்க வன்னியில். கிழமைக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. அவர் என்னைக் கண்டதும் அப்படியே நின்றார். என் முகத்தைப் பார்த்தார். கண் நிரம்பிவிட்டது. வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்.

தங்கச்சியின் செய்தி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எப்படிக் கேட்பது? நானும் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். நான் அழ, அவர் இன்னும் அழுதார். அவர் அழ, நான் இன்னும் அழுதேன். “தாங்கத்தான் வேணும்,” என்றார் அவர். “தாங்கத்தான் வேணும் அண்ணை,” என்றேன் நானும். இருவரும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு நிற்க, டெனிஷ்காரர் வண்டில்களைத் தள்ளிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். கடைசியில் நான் முட்டை வாங்கவும் மறந்து வீட்டுக்கு வந்தேன்.

“குலம் அண்ணையின்ர தங்கச்சி ஆக்கள்... முடிஞ்சுது போலக் கிடக்கு,” என்றேன்.

சுமதி அழத் தொடங்கினாள். கிர்ஸ்டன் வந்து போனதும் அங்கே போவோம் என்று முடிவெடுத்தோம்.

மத்தியானம் தாண்டி மணி அடித்தது. கதவைத் திறந்தால் குலம் அண்ணை. பின்னால் ராணி அக்கா, வெள்ளைச் சேலையில். அதற்குப் பின்னால் தொழிற்சாலையில் வேலை செய்கிற அவ்வளவு பேரும், பக்கத்து ஊரான பிராண்டேயிலிருந்து காரில் வந்தவர்களும். கையில் பெரிய பெரிய சட்டிகள். சோறு, பருப்பு, கத்தரிக்காய், எல்லாம் மரக்கறி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அயலட்டைதான் சமைத்துக்கொண்டு வரும். அது எனக்குத் தெரியும். ஆனால் செத்தவீட்டுக்காரரே எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்து நிற்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. துக்கத்தில் மனுசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, “வாங்கோ அண்ணை” என்று வழிவிட்டேன்.

ராணி அக்கா நேரே போய்ச் சுமதியின் கழுத்தில் விழுந்தார். “ஐயோ என்ர பிள்ளை, இதைக் கேக்கவோ நாங்கள் உயிரோட இருந்தனாங்கள்!” சுமதியும், “ஐயோ அக்கா!” என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். யாருடைய சாவுக்கு யார் அழுகிறார்கள் என்று தெரியாமலே இரண்டு பேரும் உச்சத்துக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் வரிசையாகச் சுவரோடு இருந்தார்கள். மெய்லி சோபாவுக்குப் பின்னால் தன் கரடிப் பொம்மையைக் கட்டிப்பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

மறுபடி மணி அடித்தது. கிர்ஸ்டன்.

வாசலில் மலை போல் கிடந்த செருப்பு சப்பாத்துகளைத் தாண்டிச் சோபாவடிக்கு வந்தார். அழுகிற கூட்டத்தைப் பார்த்தார். சட்டிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“விருந்தாளிகள் வேண்டாம் என்று கதைத்திருந்தோம், இல்லையா?” என்றார் மெதுவாக.

“இவர்கள் விருந்தாளிகள் இல்லை,” என்றேன். “சாவு வீட்டுக்கு வந்தவர்கள்.”

“ஓ... மன்னிக்க வேண்டும். யார் இறந்தது?”

நான் குலம் அண்ணையைப் பார்த்தேன். குலம் அண்ணை என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. வீடு முழுக்க ஒரே நொடியில் அடங்கியது. அந்த நாட்களில் எந்தத் தொலைபேசி அடித்தாலும் அப்படித்தான். கதவடியில் இருந்த அதை நான்தான் எடுத்தேன்.

“மனே,” என்றார் அப்பா. “நான் செத்துப்போயிற்றனாமே?”

“அப்பா!” என்று கத்திவிட்டேன்.

ராணி அக்காவின் ஒப்பாரி பாதிச் சொல்லில் நின்றது.

“கனடாவில இருந்து ஒருத்தன் எடுத்து, ஐயாவின்ர பிரேதம் எத்தினை மணிக்கு எடுக்கிறியள் எண்டு என்னட்டயே கேக்கிறான். நான் சாரத்தோட முத்தத்தில நிண்டு மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கொண்டு நிக்கிறன். சொல்லு, எப்பிடிச் செத்தனான்? வருத்தமோ?”

“அப்பா இருக்கிறார்,” என்றேன் கூட்டத்தைப் பார்த்து. கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டது போல எல்லாரும் முழித்தார்கள்.

குலம் அண்ணை எழும்பி வந்தார். “அப்ப மீசை?”

“பிள்ளை பயப்பிடுது அண்ணை.”

“என்னது?”

“மீசையப் பாத்து. அதுதான் எடுத்தனான். அப்ப உங்கட தங்கச்சி?”

“அவளுக்கு என்ன? ஒரு செய்தியும் வரேல்ல.”

பிறகு குலம் அண்ணையின் தோள் குலுங்கியது. மாதக்கணக்காகச் சிரிக்காத மனுசன் சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லா ஆண்களும், ஒரு மனுசனின் மீசையையே எடுக்க வைத்த அந்தச் சின்னச் சீமாட்டி யார் என்று பார்க்கச் சோபாவைச் சுற்றிக் குனிந்தார்கள்.

மெய்லி நிமிர்ந்து பார்த்தாள். மேலே, வானத்தை மறைத்தபடி, மீசைகள். கட்டை மீசை, முறுக்கு மீசை, நரைத்த மீசை, மை பூசிய மீசை. அவள் வாய் திறந்தது. அந்தச் சத்தம் மட்டக்களப்பில் அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது. சுமதியோ ராணி அக்காவின் சேலைக்குள் அகப்பட்டு நின்றாள். மெய்லி சோபாவுக்குக் கீழால் புகுந்து, கால்களுக்கு நடுவால் நெளிந்து, கரடியையும் விட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்து என் காலைப் பிடித்தாள். பிறகு என் காற்சட்டையைப் பிடித்து ஏறத் தொடங்கினாள்.

தூக்கினேன். கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சூடான மூச்சு, வாழைப்பழ வாசம். தொலைபேசியில் அப்பா, “ஆர் அழுறது? எனக்கோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன்.

கிர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ராணி அக்கா ஒரு கோப்பையில் சோறு போட்டுக் கொடுக்க, கத்தரிக்காய்க் கறியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். “அடுத்த முறை ஒருவரும் சாகாத நாளாகப் பார்த்து வருகிறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றவர்கள் உடனே போகவில்லை. கொண்டுவந்த சோற்றையும் கொண்டுவந்த அழுகையையும் எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன குலம் அண்ணை அங்கேயே நின்று தங்கச்சியை நினைத்து அழுதார். அது பகிடி இல்லாத அழுகை. நான் மெய்லியைத் தூக்கியபடி பக்கத்தில் நின்றேன். அவள் கழுத்தைத் திருப்பாமல், ஒற்றைக் கண்ணால், அவருடைய மீசையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். (தங்கச்சி ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தி பிறகு வந்தது. அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?)

அப்பா அதற்குப் பிறகும் கன வருடம் இருந்தார். ஒவ்வொரு தரமும் தொலைபேசி எடுத்ததும், “இக்காஸ்ட் ஆக்களிட்டச் சொல்லு, நான் இன்னும் இருக்கிறன்,” என்றுதான் தொடங்குவார்.

மெய்லி இப்போது என்னைவிட உயரம். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிற சாதி. வீட்டுக்கு யார் வந்தாலும், பிள்ளை முதன்முதலாக என்னைத் தேடி ஓடி வந்த கதையை நான் தொடங்குவேன். உடனே சுமதி, “அவ உங்களிட்ட ஓடி வரேல்ல. மீசையளிட்ட இருந்து ஓடினவ,” என்பாள். நான் மகளிடம் நியாயம் கேட்பேன். அவள் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் டெனிஷில், “அப்பா, அங்கே வேறு ஆளே இருக்கவில்லையே,” என்பாள்.

கிர்ஸ்டன் நின்றாரே! மீசை இல்லாத, சாந்தமான, பிள்ளைகளைப் பழக்கத் தெரிந்த மனுசி. சோபாவுக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் நின்றது அறையின் மற்ற முனையில், கதவடியில். பிள்ளை அவரைத் தாண்டியல்லவா வந்தாள்? இதைச் சொன்னால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

“அப்பிடியெண்டால் மீசையத் திருப்பி வளத்துப் பாருங்கோவன், தெரிஞ்சிரும்,” என்பாள் சுமதி.

நான் ஒவ்வொரு நாள் காலமையும் ஒழுங்காக வழிக்கிறேன். எதற்கு வீண் பரீட்சை?